கிழக்குப் பாத்த அடுப்பு

எனக்குக் கோவம் மூக்கு நுனியிலை. இதை முதலே சொல்லிப்போடுறன். அந்த வானை நான் வாங்கினது கோவத்திலை, வித்தது ரோசத்திலை. ரெண்டுக்கும் நடுவிலை கிடந்த மூண்டரை வருஷத்தை நினைச்சுத்தான் இப்பவும் ஏங்கிக்கொண்டிருக்கிறன்.

எண்பத்திமூண்டு கடைசியிலை ரொறன்ரோவிலை வந்து இறங்கினன். கலியாணம் முடிஞ்சு நாப்பத்தொரு நாளிலை ஊரைவிட்டு வெளிக்கிட்டவன் நான். மனிசி யாழ்ப்பாணத்திலை தாய் தேப்பனோடை நிண்டுட்டா. "ஆறு மாசத்திலை கூப்பிடுறன்" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். எந்த வாய்க்கொழுப்பிலை அப்பிடிச் சொன்னனோ தெரியாது.

ஸ்காபரோவிலை ரெண்டு அறை அப்பார்ட்மென்ற் ஒண்டிலை நாங்கள் எட்டுப் பேர். எட்டும் நல்ல பெடியள்தான். ஆனால் ஊரிலையிருந்து ஒரு கடிதம் வந்தால் அதைத் தனிய இருந்து வாசிக்க ஒரு மூலை இல்லை. குளியலறைக்கை போய்ப் பூட்டிக்கொண்டு வாசிச்சால் வெளியிலை நிண்டு கதவைத் தட்டுவாங்கள். "அண்ணை, அண்ணி என்னவாம்? கெதியா வாசியுங்கோ, எனக்கு வேலைக்கு நேரமாகுது." பகிடிக்குத்தான் சொல்லுறவங்கள். எனக்கு எரியும்.

ஒருநாள் வேலையாலை வாறன், மேசையிலை வைச்ச கடிதத்துக்கு மேலை சுடச்சுடச் சோத்துப்பானை. ஆரோ ஒருத்தன் அடுப்பாலை இறக்கி, கைச்சூடு தாங்காமல் அதிலை வைச்சிட்டான். நீலக் கடிதம் ஈரத்திலை ஊறி, மை கரைஞ்சு, கடைசி நாலு வரியைக் காணேல்லை. அதிலை என்ன எழுதியிருந்தா எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. மனிசியைக் கேட்டால் "எனக்கென்ன ஞாபகமே" எண்டுறா. அந்த இடத்திலை எனக்குக் கண் மண் தெரியேல்லை. பானையைத் தூக்கி ஸிங்குக்கை கவிட்டுப்போட்டன். அண்டைக்கு எட்டுப் பேரும் பட்டினி. அதிலை நானும் ஒருத்தன்.

எனக்கெண்டு ஒரு கதவு வேணும், அவ்வளவுதான். ஆனால் தனி அறை எடுத்தால் மனிசியைக் கூப்பிடுறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. அப்ப நான் மிசிசாகாவிலை எயார்போட்டுக்குப் பக்கத்திலை வேலை. பிளேனிலை சனம் சாப்பிட்ட தட்டுகள் வண்டில் வண்டிலாய் வரும், அதுகளைக் கழுவுறது. அங்கை வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவன் ஒருத்தர், "என்ரை வளவிலை ஒரு வான் நிக்குது, படுக்கை, அடுப்பு, ஸிங்க் எல்லாம் உள்ளுக்கையே இருக்கு, வந்து பார்" எண்டார். தன்ரை மனிசி செத்தபிறகு அதிலை ஊர் சுத்த அவருக்கு மனமில்லையாம்.

போய்ப் பாத்தன். ஐயோ, அது நிண்ட கோலம். அடி இரும்பெல்லாம் கறள் பிடிச்சிருந்தது. பின்கதவைக் கயித்தாலை கட்டியிருந்தது. நிலத்திலை ஒரு இடத்திலை காலை வைச்சால் மெத்தை மாதிரிக் கீழை போகுது. உள்ளுக்கை நாய் மணம். கிழவன் மேசையின்ரை காலை மடிச்சு, பலகையை இறக்கி, மெத்தைகளை இழுத்துப் போட்டு, மேசையைக் கட்டிலாக்கிக் காட்டினார். எனக்கு அந்தக் கட்டில் போதும். கிழவன் கேட்ட விலையும் என்ரை கையுக்கை அடங்கிற விலைதான். எண்பத்திநாலு சித்திரையிலை அதை வீட்டுக்கு, இல்லை, வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்தன்.

பானை வைச்ச பெடியன்தான் தேசிக்காய் நாலு வாங்கிக்கொண்டு வந்தான். என்னோடை ராசியாகத்தான். நாலு சில்லுக்குக் கீழையும் வைச்சுப்போட்டுத் தலையைச் சொறிஞ்சான். "அண்ணை, வாகனமெண்டால் தேசிக்காய் நசிக்கவேணும், சரி. இது வீடுமெல்லோ? வீடெண்டால் பாலும் காய்ச்சவேணும். இப்ப என்ன செய்யிறது?" தேசிக்காயை நசிச்சம். பாலைப் பற்றி மனிசிக்கு எழுதினன்.

ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. அதை வானுக்கை இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசிச்சன். அந்தச் சுகத்தை எப்பிடிச் சொல்லுறது! வீடு எப்பிடி, குளிரோ எண்டு ஒரு வரி கூட இல்லை. நேரை விசயத்துக்கு வந்திட்டா. பாலைத் தானே வந்துதான் காய்ச்சுவாவாம், அதுவரைக்கும் அந்த அடுப்பிலை பால் வைக்கப்படாதாம். பிறகு கேள்வி: சமைக்கிற ஆள் எந்தத் திசையைப் பாத்து நிக்கும்? கிழக்குத்தானே?

நான் எழுந்து அடுப்படியிலை நிண்டு பாத்தன். மேற்கு.

"பயப்பிடாதையும், வீட்டைத் திருப்பி விடுறன்" எண்டு எழுதிப்போட்டு, உண்மையாவே திருப்பினன். நான் வானை விட்டிருந்தது வேலைக்குப் பக்கத்திலை ஒரு கராஜின்ரை பின்வளவிலை. கராஜ்காரர் இத்தாலிக்காரர், அறுபது வயசிருக்கும். சனி ஞாயிறிலை கராஜைக் கூட்டிக் கழுவி விட்டால் வளவிலை நிக்கலாம், கழிப்பறையைப் பாவிக்கலாம், கரண்டுக்கு ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம். அது எங்கடை ஒப்பந்தம். அந்த வளவிலை மற்ற வாகனமெல்லாம் வேலியோடை வரிசையாய் நிக்க, என்ரை வான் மட்டும் குறுக்கை நிண்டுது. "ஏன் உன்ரை மட்டும் உப்பிடி நிக்குது?" எண்டு கேட்டார். கிழக்கு, அடுப்பு எண்டு என்ரை இங்கிலிசிலை விளங்கப்படுத்தினன். ஒண்டும் விளங்கேல்லை. கடைசியிலை, "என்ரை மனிசி சொல்லிப்போட்டா" எண்டன். உடனை தலையாட்டினார். "அப்பிடியெண்டால் சரி" எண்டுபோட்டு, மாரியிலை ஸ்னோ தள்ளுறவனிட்டையும் அந்த வானைச் சுத்திப் போகச் சொல்லி வைச்சார்.

பிறகுதான் அடுத்த பிரச்சினை. அடுப்பு கிழக்குப் பாக்க, படுக்கையிலை தலைமாடு வடக்கை போட்டுது. வடக்கை தலை வைச்சு எங்கடை ஆக்கள் ஆர் படுக்கிறது? பெரிய சிக்கலிலை மாட்டின மாதிரி மூண்டு பக்கத்துக்கு எழுதினன். வந்த பதில்: "தலகாணியைக் கால்மாட்டிலை போடுங்கோ. இதுக்கும் நானோ வரவேணும்?"

அந்த ஒரு வரியை எத்தினை தரம் வாசிச்சிருப்பன். இதுக்கும் நானோ வரவேணும். வாவன் அம்மா, வா எண்டு கடிதத்தைப் பாத்து வாய்விட்டுச் சொன்னன்.

அப்பிடித்தான் நாங்கள் கடிதத்திலை குடித்தனம் நடத்தினம். சாமிப்படத்துக்குத் தட்டு எந்தப் பக்கம், சீலைகளை எங்கை கொழுவுறது, மிளகாய்த்தூள் போத்தில் ஓட்டத்திலை உருளாமல் இருக்க என்ன செய்யிறது எண்டு கேட்டுக்கேட்டு எழுதுவா. நான் ஒவ்வொண்டாய்ச் செய்துபோட்டு எழுதுவன். அடுப்புக்கு மேலை இருந்த அலுமாரித் தட்டு பதிவு, உள்ளுக்கை ஏறேக்கை ஒவ்வொருநாளும் அதிலை தலையை இடிக்கிறனான் எண்டு எழுதினால், "குனிஞ்சு போங்கோ, நெடுகச் சொல்லுறன்" எண்டு வரும். ஏதோ பக்கத்திலை நிண்டு சொன்ன மாதிரி. "இண்டைக்கு வானைக் கூட்டித் துடைச்சனான்" எண்டும் ஒருக்கா எழுதினா. இருந்தது யாழ்ப்பாணத்திலை.

யன்னல் எத்தினை, நீள அகலம் என்ன எண்டும் கேட்டா. அஞ்சு யன்னல். கராஜிலை அளக்கிற நாடா வாங்கி அரை இஞ்சி கால் இஞ்சி விடாமல் அளந்து அனுப்பினன். எதுக்கெண்டு கேட்டதுக்கு, "சும்மாதான். அளவு தெரிஞ்சால் நினைச்சுப் பாக்கச் சுகம்" எண்டு எழுதினா.

மாரி பொல்லாதது. வெளியிலை இல்லை, உள்ளுக்கைதான் யன்னலிலை ஐஸ் பிடிக்கும். கரண்டியாலை சுரண்டவேணும். தேங்காயெண்ணைப் போத்தில் கல்லாய்ப் போடும். ஒரு ஹீற்றரைக் காலடியிலை வைச்சுக்கொண்டு, ரெண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு, வெறுந்தேத்தண்ணி வைச்சுக் குடிப்பன். பால் வைக்கக்கூடாதெல்லோ. வேலையிடத்திலை மெசினிலை பால் விட்ட தேத்தண்ணி சும்மா கிடைக்கும். அதையும் விட்டுட்டன். ஆரும் என்னைக் கட்டாயப்படுத்தேல்லை. மனிசி வந்து பால் காய்ச்சிற நாளிலை முதல் வாய் குடிக்கவேணும் எண்டு எனக்கொரு ஆசை.

வானுக்கு மேலாலை பிளேனுகள் பதிஞ்சு பதிஞ்சு வந்து இறங்கும். ஒவ்வொண்டையும் அண்ணாந்து பாப்பன். வேலையிலை தட்டுகளைக் கழுவேக்கை, ஒருநாளைக்கு மனிசி சாப்பிட்ட தட்டும் என்ரை கையிலைதான் வரும் எண்டு நினைப்பன். சோறு முழுக்க மிஞ்சி வந்த தட்டைக் கண்டால், இது எங்கடை ஆரோ ஒரு பொம்பிளை, பயத்திலை சாப்பிடேல்லை எண்டு தோணும்.

எண்பத்தாறிலை நாலு மாசம் ஒரு கடிதமும் வரேல்லை. ஊரிலை நிலைமை அப்பிடி. நான் ஆரோடையும் கதைக்கிறதை விட்டுட்டன். வாயைத் திறந்தால் சண்டை. கராஜ்காரர் மட்டும் மத்தியானத்திலை ஒரு கோப்பை சூப்பைக் கொண்டந்து வான் படியிலை வைச்சுப்போட்டுப் பேசாமல் போவார். பிறகு ஒருநாள் ஏழு கடிதம் ஒண்டாய் வந்தது. முன்னுக்குப் பின்னாய்க் கிடந்ததுகளை மேசையிலை பரப்பி ஒழுங்குபடுத்தி வாசிச்சன். கடைசிக் கடிதத்திலை, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஷெல் சத்தம் கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கடை வானுக்கை போய் இருந்திடுவன்" எண்டு இருந்தது. குழறி அழுதன். கேக்க ஆருமில்லை எண்டதுதான் அந்த வானின்ரை வசதி.

எண்பத்தேழு ஆவணியிலை மனிசிக்கு விசா சரிவந்தது. அந்தச் சந்தோசத்திலை, ஸ்காபரோவிலை இருந்த தூரத்து உறவு அன்ரி ஒராளுக்குச் சொன்னன். அடுத்த ஞாயிறே அங்கிளோடை வானைப் பாக்க வந்திட்டா. படியிலை ஒரு காலை வைச்சு உள்ளுக்கை எட்டிப் பாத்தா. ஏறக்கூட இல்லை.

"தம்பி, இதுக்கையோ அந்தப் பிள்ளையைக் கொண்டந்து வைக்கப்போறாய்? தாய் தேப்பன் நாளைக்குக் கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது? நாய் படுத்த வானுக்கை வைச்சிருக்கிறான் எண்டோ? சனம் காறித் துப்பும்."

"என்ரை வீடு, என்ரை மனிசி. உங்களுக்கென்ன வந்தது?" எண்டு பாய்ஞ்சன். அங்கிள் அன்ரியைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போட்டார். ஆனால் அந்தச் சொல்லு போகேல்லை. அதுக்குப் பிறகு வானைப் பாக்கிற நேரமெல்லாம் எனக்குக் கறள்தான் தெரிஞ்சுது. காட்டுறன் பார் எண்டு ஒரு ரோசம். ஒரு கிழமைக்குள்ளை ஸ்காபரோவிலை பதினோராம் மாடியிலை ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்தன். வானை விக்கிறதுக்கு விளம்பரம் போட்டன்.

ஸ்ரௌவ்வில் எண்ட ஊருக்குப் பக்கத்திலை சொந்தமாய் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு இளம் வெள்ளைக்காரச் சோடி வந்து வாங்கிச்சினம். வீடு முடியுமட்டும் அதுக்கை இருக்கப்போகினமாம். வான் வளவை விட்டு வெளிக்கிட, நான் கேற் மட்டும் பின்னாலை நடந்து போனன். கராஜ்காரர் கையைத் துடைச்சுக்கொண்டு வந்து பக்கத்திலை நிண்டார்.

"உன்ரை மனிசியைக் கேட்டனியோ?"

"அவவுக்கு இது சந்தோசமாய்த்தான் இருக்கும்" எண்டன். கடிதம் போட்டாலும் போய்ச் சேர நேரமில்லை எண்டது உண்மை. திடீரெண்டு காட்டி அசத்தவேணும் எண்ட எண்ணமும் இருந்தது. அவர் திரும்பிக் கராஜுக்கை போட்டார்.

புரட்டாதியிலை மனிசி வந்து இறங்கினா. மெலிஞ்சு, கண் உள்ளுக்கை போய், கையிலை ஒரு சூட்கேஸோடை. நான் என்னென்னவோ சொல்ல யோசிச்சு வைச்சிருந்தன். அவதான் முதல் வாய் திறந்தா.

"பால் வாங்கி வைச்சிருக்கிறியளோ?"

"ஓம், ஓம்" எண்டன். கார் நிக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். சிநேகிதன் ஒருத்தனின்ரை கார். மனிசி காரைப் பாத்தா, சுத்திவரப் பாத்தா.

"எங்கடை வான் எங்கை?"

"வித்துப்போட்டன்" எண்டு சிரிச்சன். மடையன், சிரிச்சன். "உமக்கு நல்ல வீடு எடுத்திருக்கிறன். பதினோராம் மாடி. வந்து பாருமன்."

மனிசி காருக்கை ஏறி, சூட்கேஸை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தா. பின்னுக்குப் போடும் எண்டு சொல்லியும் கேக்கேல்லை.

வீட்டிலை, நான் காட்டவெண்டே கூப்பிட்ட அன்ரி ஆக்கள் எல்லாரும் நிண்டினம். புதுச் சட்டி, பால், எல்லாம் ஆயத்தம். மனிசி அடுப்படியிலை போய் நிண்டு, "கிழக்கு எந்தப் பக்கம்?" எண்டு மெல்லமாய்க் கேட்டா. நான் முதுகுப் பக்கத்தைக் காட்டினன். அந்த வீட்டிலை அடுப்பு மேற்குச் சுவரோடை. எனக்கு அதைப் பாக்கவேணும் எண்டே தோன்றேல்லை. மூண்டரை வருஷம் கிழக்குப் பாத்த அடுப்பிலை சமைச்சவன் நான்! மனிசி ஒருக்காத் திரும்பிப் பின்னுக்குப் பாத்துப்போட்டுப் பாலை வாத்தா. பொங்கிச்சுது. எல்லாருக்கும் சந்தோசம். எனக்குத் தேத்தண்ணி நீட்டேக்கை, "எனக்குப் பால் வேண்டாம்" எண்டு வாய் தன்பாட்டிலை சொல்லிச்சுது.

ஆக்கள் போனபிறகு சூட்கேஸைத் திறந்தா. மேலை ரெண்டு சீலை. அதுக்குக் கீழை, மடிப்புக் குலையாமல், அஞ்சு யன்னல் சீலை. வெள்ளைத் துணியிலை ஓரத்துக்குப் பச்சை நூலாலை கையாலை தைச்சது. ஒவ்வொண்டிலையும் ஒரு துண்டு கடதாசி குத்தியிருந்தது: அடுப்புப் பக்கம், ஸிங்குப் பக்கம், கட்டில் பக்கம் ரெண்டு, பின்கதவு. துணி கிடையாத காலத்திலை எங்கை தேடி எடுத்தாவோ. பதினோராம் மாடி யன்னல் சுவருக்குச் சுவர் அகலம். ஒண்டைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்தா. ஒரு மூலைக்குத்தான் காணும்.

"மூண்டரை வருஷமாய் நான் அதுக்கைதானே இருந்தனான்" எண்டா. "என்னைக் கேக்காமல் என்ரை வீட்டை வித்துப்போட்டியளே."

சத்தம் போட்டிருந்தாலாவது நானும் சத்தம் போட்டிருப்பன். அவ போடேல்லை. சீலைகளைத் திருப்பி மடிச்சு வைச்சா.

அதுக்குப் பிறகு கதைக்காமல் இல்லை. சாப்பிட்டியளோ, கோட்டைப் போடுங்கோ, அவ்வளவுதான். கடிதத்திலை என்னைப் பேசிப் பகிடி பண்ணின ஆளை நான் வீட்டுக்கைத் தேடிக்கொண்டு திரிஞ்சன். கடைசியிலை தாங்கேலாமல், வானை வாங்கினவைக்கு ரெலிபோன் எடுத்து, ஒருக்கா வந்து பாக்கலாமோ எண்டு கேட்டன். திருப்பித் தாங்கோ எண்டு கேக்கிற எண்ணமும் மனதிலை இருந்தது.

கார்த்திகை மாசம், ஒரு ஞாயிறு மத்தியானம். ஸ்ரௌவ்வில் அப்ப வயலும் வெளியும்தான். இப்ப எங்கடை ஆக்கள் வீடு வாங்கி நிறைஞ்சிருக்கிற இடம். கூரை போடாத ஒரு வீட்டுக்குப் பக்கத்திலை வான் நிண்டுது. புருசன்காரன் எங்கையோ பலகை ஏத்தப் போட்டான். பெண் கதவைத் திறந்தாள். எட்டு மாச வயிறு. அதைக் கண்டோடனை, திருப்பிக் கேக்கிற எண்ணத்தை விட்டுட்டன்.

மனிசி முன்னுக்கு ஏறினா. அடுப்புக்கு மேலை அந்தப் பதிஞ்ச தட்டு வந்த இடத்திலை, ஒருத்தரும் சொல்லாமல், பாக்காமல், குனிஞ்சு போனா. பின்னாலை ஏறின நான் வழமைபோலை டமாரெண்டு இடிச்சன்.

"நெடுகச் சொல்லுறன்" எண்டா.

தலை நொந்ததுக்கோ அதுக்கோ தெரியாது, எனக்குக் கண்ணிலை தண்ணி வந்திட்டுது. மனிசி கைப்பையாலை யன்னல் சீலைகளை எடுத்து ஒவ்வொண்டாய்ப் பிடிச்சுப் பாத்தா. ஒரு நூல் கூடப் பிசகேல்லை. பிறகு அஞ்சையும் அந்தப் பெண்ணின்ரை கையிலை குடுத்திட்டா. "சொல்லுங்கோ, இது இந்த வீட்டுக்குத் தைச்சது" எண்டு எனக்குச் சொன்னா. நான் சொன்னன். அந்தப் பிள்ளை வாங்கி நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு, குளிருக்கு ஏதும் குடியுங்கோ எண்டு சட்டியிலை பாலை விட்டு அடுப்பிலை வைச்சாள்.

நானும் மனிசியும் ஆளையாள் பாத்தம். அந்தப் பிள்ளை சீலை ஒண்டை யன்னலிலை பிடிச்சுப் பாத்துக்கொண்டு நிக்க, பால் எழும்பி, பொங்கி, அடுப்பெல்லாம் வழிஞ்சுது. "சொறி, சொறி" எண்டு அவள் துணி தேடி ஓட, மனிசி ரெண்டு கையையும் கூப்பினா. வெய்யில் நேரை அடுப்புக்கு முன்னாலை அடிச்சுது. தெற்கு.

"வானைத் திருப்பி விடச் சொல்லுங்கோ" எண்டா மனிசி. வந்து ரெண்டு மாசத்துக்குப் பிறகு முதல்முதல் அண்டைக்குத்தான் சிரிச்சா.

திரும்பிக் காரிலை கனதூரம் வந்திட்டம். பிறகு, "பொங்கிட்டுதுதானே. இனி நீங்கள் பால்விட்டுக் குடிக்கலாம்" எண்டா. நான் வெறுந்தேத்தண்ணி குடிக்கிறதை ஒருக்காவும் கேட்டதில்லை. ஆனால் கவனிச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

எங்கையிருந்துதான் எனக்கு அந்தக் கோவம் வந்துதோ. "அது அவையின்ரை பால். எங்கடை இல்லை" எண்டு வெடுக்கெண்டு சொன்னன்.

மனிசி என்ரை பக்கம் திரும்பினா.

"அப்ப இன்னொண்டு வாங்குங்கோ" எண்டா. "இந்தமுறை என்னைக் கேட்டுப்போட்டு."

"ஓம், வாங்குவம்" எண்டன். காரைக் கரையிலை நிப்பாட்டிப்போட்டு ஸ்ரியறிங்கிலை தலையை வைச்சுக்கொண்டு இருந்தன். மனிசி என்ரை முதுகிலை கையை வைச்சா.

பிறகு பிள்ளையள், வேலை, அஜக்ஸிலை வீடு. ஒவ்வொரு கோடையும் ஹைவேயிலை படுக்கை வைச்ச வான் ஒண்டு முந்திக்கொண்டு போனால் ரெண்டு பேரும் ஒண்டாய்த் திரும்பிப் பாப்பம். இன்னும் வாங்கேல்லை. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாதாக்கும் எண்டு சனம் நினைக்குது. நான் இண்டைக்கும் வெறுந்தேத்தண்ணிதான் குடிக்கிறன்.